எலக்ட்ரிக் ஸ்டீல் கித்தார் செய்த கம்பெனிகள் எத்தனை? முழுப் பட்டியல் போட முடியுமா?

எலக்ட்ரிக் ஸ்டீல் கித்தார் தயாரித்த கம்பெனிகள், பிராண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போட முடியுமா, மொத்தம் எத்தனை தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். நானே பத்து வருஷமாக ஓர் எக்ஸெல் தாளில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எண்ணிக்கை மட்டும் கேட்காதீர்கள். முதல் மூன்று வருஷம் நான் எண்ணியது கித்தாரின் மேல் ஒட்டியிருந்த பெயர்களை. செய்தவர்களை எண்ண ஆரம்பித்ததும் தாளில் பாதி வரிகள் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன.

தெரியாதவர்களுக்காக: ஸ்டீல் கித்தார் என்றால் எஃகால் செய்த கித்தார் இல்லை. மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஓர் எஃகுத் துண்டை வைத்துத் தந்தி மேல் வழுக்கி வாசிப்பது. பெயர் அந்தத் துண்டிலிருந்து வந்தது. கோட்டுவாத்தியம் கேட்டிருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1880களின் பிற்பகுதியில் ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பையன் ஆரம்பித்து வைத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதனால்தான் நம் ஊரில் இதற்கு ஹவாயன் கித்தார் என்றே பெயர்.

எனக்கு இது ஒட்டிக்கொண்ட இடம் கரக்பூர். அப்பாவுக்கு ரயில்வே பணிமனையில் வேலை. வங்காளத்தில் அப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஹவாயன் கித்தார் இருக்கும், சாயங்காலமானால் ரவீந்திர சங்கீதம் வழுக்கிக்கொண்டு வரும். இப்போது என்னிடம் இருப்பது அமெரிக்காவிலிருந்து வந்தது. அக்கா மகன் ஒஹையோவில் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கி வந்தான். சாம்பல் நிறம், ஆறு தந்தி, தலையில் பெயர் இல்லை. பெயர்த் தகடு இருந்த இடத்தில் மூன்று துளைகள் மட்டும். "மாமா, இது என்ன கம்பெனி?" என்று அவன் கேட்டதில்தான் தாளே பிறந்தது.

சரி, முதலிலிருந்து வருகிறேன். ஆரம்பமே பட்டியல் போடுபவனைக் குழப்புவதற்கென்று அமைந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் பீச்சம் என்ற வாத்தியக்காரர் நேஷனல் என்ற கித்தார் கம்பெனியில் இருந்தார். மின்சாரம் இல்லாத காலத்தில் சத்தத்தைப் பெருக்க உள்ளே உலோகக் கூம்பு வைத்துக் கித்தார் செய்த கம்பெனி அது. அங்கே சண்டை போட்டு வெளியே வந்தார். நேஷனலுக்கு உலோக உடல்களை அச்சடித்துக் கொடுத்த பட்டறைக்காரர் அடால்ஃப் ரிக்கன்பேக்கர். இருவரும் சேர்ந்து 1931இல் ரோ-பாட்-இன் என்று ஒரு கம்பெனி தொடங்கி, 1932இல் அலுமினியத்தில் வார்த்த ஒரு கித்தாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். வட்டமான சின்ன உடல், நீளமான கழுத்து. பார்த்தவர்கள் 'வாணலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தந்தியின் அதிர்வை நேராக மின்சாரமாக மாற்றிய முதல் வியாபாரக் கித்தார் அதுதான்.

அதன் தலையில் இருந்த பெயர் முதலில் 'எலக்ட்ரோ'. 1934இல் கம்பெனி பெயரும் எலக்ட்ரோ ஸ்ட்ரிங் என்று மாறியது. அப்புறம் தகட்டில் ரிக்கன்பேக்கரும் ஏறினார், அதுவும் நடுவில் 'கே' இருக்கவேண்டிய இடத்தில் 'எச்' எழுத்தோடு, ஜெர்மன் பாணியில். பல வருஷம் கழித்துத்தான் இன்றைய எழுத்து வந்தது. அகர வரிசைப்படி அடுக்கினால் ஒரே பட்டறை நான்கு இடத்தில் உட்காரும். என் தாளில் உட்கார்ந்தது.

இத்தனை பேர் எப்படிக் கிளம்பினார்கள்? பீச்சம் காப்புரிமைக்கு 1934இல் விண்ணப்பித்தார், கிடைத்தது 1937இல். இந்தக் கருவி வேலை செய்யுமா என்றே அதிகாரிகளுக்குச் சந்தேகம், சால் ஹோப்பி போன்ற வித்வான்களை வாஷிங்டனுக்கு அனுப்பி வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். உரிமை கைக்கு வருவதற்குள் ஊரே செய்ய ஆரம்பித்துவிட்டது. இன்னொரு காரணம் இதைவிட எளிமையானது. சாதாரணக் கித்தாருக்குக் கழுத்தைச் செதுக்க வேண்டும், மெட்டுகளைத் துல்லியமாக அறைய வேண்டும், மெல்லிய பலகையை வளைக்க வேண்டும். இதற்கு அது எதுவும் வேண்டாம். ஒரு கட்டை, ஒரு குதிரை, ஆறு பிருடை, ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. மெட்டுகளைக் கோடாக வரைந்துவிட்டால் போதும், தந்திதான் அவற்றைத் தொடவே போவதில்லையே. நல்ல தச்சரும் ஒரு ரேடியோ மெக்கானிக்கும் கூட்டுச் சேர்ந்தால் கம்பெனி ரெடி. 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் ஆரம்பித்த ஹவாய் மோகம் அமெரிக்கா முழுக்க வாங்குகிறவர்களைத் தயாராக வைத்திருந்தது.

இனி சிகாகோ. பட்டியல் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஊர் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

மேலே சொன்ன நேஷனலைத் தொடங்கியவர்களில் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஜான் டோபியேரா ஒருவர். அவரும் அங்கே சண்டை போட்டு வெளியே வந்தவர்தான்! சகோதரர்களோடு சேர்ந்து டோப்ரோ தொடங்கினார். டோபியேரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம். அவர்கள் மொழியில் 'நல்லது' என்றும் பொருள். பிறகு இரண்டு கம்பெனியும் இணைந்து சிகாகோவுக்குக் குடிபோய், 1940களின் ஆரம்பத்தில் வால்கோ ஆனது. விக்டர் ஸ்மித், அல் ஃபிராஸ்ட், லூயி டோபியேரா மூன்று பேரின் முதலெழுத்துகளிலிருந்து வந்த பெயர். இந்த வால்கோவின் பெயரைக் கித்தாரின் நெற்றியில் பார்த்தவர்கள் குறைவு. அங்கே இருப்பது நேஷனல் என்றிருக்கும், சூப்ரோ என்றிருக்கும், ஓஹாவூ என்றிருக்கும், மான்ட்கோமரி வார்டு என்ற தபால் விற்பனைக் கடைக்காகச் செய்திருந்தால் ஏர்லைன் என்றிருக்கும். உள்ளே அதே பட்டறை.

ஓஹாவூ ஹவாய்த் தீவுகளில் ஒன்றின் பெயர். கம்பெனி இருந்ததோ ஹவாயிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, கிளீவ்லாந்தில்! பாடப் புத்தகம் அச்சடித்து, ஊர் ஊராகக் கித்தார் வகுப்பு நடத்தி, மாணவர்களுக்குக் கருவியையும் சேர்த்து விற்றார்கள். கருவியை வெளியே கொடுத்துச் செய்து வாங்கினார்கள்: சிலது கே கம்பெனியில், சிலது வால்கோவில். 'ஓஹாவூ எப்படிப்பட்ட கித்தார்?' என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. எந்த ஓஹாவூ என்று கேட்க வேண்டும். பிரான்சன் என்ற பெயரிலும் இதே கதை. அந்தப் பெயரில் வந்த ஒரு கித்தாரைச் செய்தது ரிக்கன்பேக்கர். சியர்ஸ் கடையின் சில்வர்டோன் இன்னும் மோசம். ஹார்மனி, கே, டேன்எலக்ட்ரோ என்று வருஷத்துக்கு ஒரு வாசலிலிருந்து வரும்.

என் சாம்பல் கித்தாருக்கு வருவோம். முதல் வருஷம் அதை நான் 'ஃபெண்டர்' என்று எழுதி வைத்திருந்தேன். காரணம் அதன் பிக்கப், அதாவது மேலே சொன்ன காந்தமும் செம்புக் கம்பியும் சேர்ந்த பாகம். சாதாரணமாகத் தந்திகள் பிக்கப்புக்கு மேலாகப் போகும். இதில் பிக்கப்பின் உள்ளேயே புகுந்து போகின்றன. தந்தி மாற்றுவது ஊசியில் நூல் கோப்பது மாதிரி, கண்ணாடி இல்லாமல் முடியாது. லியோ ஃபெண்டரும் டாக் காஃப்மனும் 1945இல் கே அண்ட் எஃப் என்ற பெயரில் விற்ற முதல் கித்தார்களில் தந்தி இப்படித்தான் உள்ளே புகுந்து போகும் என்று எங்கோ பார்த்திருந்தேன். அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டேன். வால்கோவும் இதே மாதிரி ஒன்றை வருஷக்கணக்காகச் செய்திருக்கிறது என்பது அப்போது தெரியாது.

பொன்மலையில் ஒரு ரேடியோ மெக்கானிக் நண்பர் இருக்கிறார். அவர் பெயரையெல்லாம் கேட்கவில்லை. நேராக ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேல் தகட்டைக் கழற்றி, வால்யூம் கன்ட்ரோலின் முதுகைத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்: 137217. "முதல் மூணு எண் இந்தக் கன்ட்ரோலைச் செஞ்ச கம்பெனி. 137ன்னா சி.டி.எஸ். அடுத்தது வருஷத்தோட கடைசி எண். மீதி ரெண்டும் எத்தனையாவது வாரம்னு" என்றார். அதாவது 2இல் முடியும் வருஷத்தின் பதினேழாவது வாரம். 1942ஆ, 1952ஆ? 42 வசந்தத்தில் அமெரிக்காவில் பட்டறைகளெல்லாம் போர் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆகவே 52. அதுவும் கித்தார் பிறந்த தேதி இல்லை, அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. வாங்கிய கன்ட்ரோல் டப்பாவில் ஒரு வருஷம் கிடந்திருக்கலாம். யாராவது பின்னால் மாற்றியும் இருக்கலாம். நண்பர் ஈயப் பற்றைச் சுரண்டிப் பார்த்து, "இது தொடாத பற்று" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அப்புறம் தலையின் பின்புறத்தைத் திருப்பினார். இரண்டு குட்டி ஆணித் துளைகள், நடுவில் நகத்தளவு நீள்சதுரம் மட்டும் நிறம் மங்காமல் இருந்தது. வால்கோ தன் வரிசை எண்ணை ஒரு சின்னத் தகட்டில் அடித்து, அங்கேதான் இரண்டு ஆணியால் பொருத்தும். மூன்று வருஷமாக அந்தத் துளைகளைப் பார்த்திருக்கிறேன், கரையான் என்று நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரியே தாளை மாற்றினேன். 'பெயர்' என்று இருந்த ஒரே கட்டம் மூன்றானது: நெற்றியில் என்ன பெயர், விற்றது யார், செய்தது யார். நாலாவதாக, அதை எதை வைத்துச் சொல்கிறேன் என்று ஒரு கட்டம். நீங்கள் பட்டியல் போடுவதாக இருந்தால் அந்த நாலாவதை விட்டுவிடாதீர்கள். 'யாரோ சொன்னார்கள்' என்றால் அதையே எழுதுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிப்சன் 1930களின் நடுவில் இறங்கியது. அவர்களுடைய இ.எச். 150இல் இ.எச். என்றால் எலக்ட்ரிக் ஹவாயன், 150 என்பது ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து டாலர் விலை. அதில் வைத்த பிக்கப்பைத்தான் பின்னால் ஜாஸ் கித்தாரில் வைத்தார்கள், அது சார்லி கிறிஸ்டியன் என்ற ஜாஸ் வித்வானின் பெயரால் பிரபலமானது. கலமசூ என்ற மலிவுப் பெயரும் கிப்சனுடையதே. எபிஃபோன் கம்பெனி தன் எலக்ட்ரிக் கித்தார்களுக்கு வைத்த பெயர் எலெக்டார். லாஸ் ஏஞ்சலஸில் டிக்கர்சன் என்று 1937இல் தொடங்கியது போருக்குப் பின் கைமாறி மேக்னடோன் ஆனது. இவர்களுடைய கித்தார்களில் முத்துச்சிப்பி மாதிரி மினுக்கும் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருக்கும். சேகரிப்பவர்கள் அதை டாய்லெட் மூடி என்று கிண்டல் செய்வார்கள். என்னுடையதற்கும் அதே மாதிரி உறைதான், எனக்குப் பிடிக்கும்.

பெடல் ஸ்டீல் வந்த பிறகு கதை வேறு. காலால் மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றும் கருவி அது. 1954இல் பட் ஐசக்ஸ் ஒரு நாட்டுப்புறப் பாடலில் அப்படிச் சுருதியை இழுத்துக் காட்டியதும் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அது வேண்டியதாகிவிட்டது. அவர் வைத்திருந்தது கலிஃபோர்னியாவில் பால் பிக்ஸ்பி கையால் செய்தது. ஷோ-பட் என்பது ஷாட் ஜாக்சன், படி எம்மன்ஸ் என்ற இரண்டு வாத்தியக்காரர்களின் பெயர். எம்மன்ஸ் 1963இல் பிரிந்து தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். இசட்.பி. என்பது ஜேன் பெக். இங்கெல்லாம் நெற்றியில் இருக்கும் பெயரே பெரும்பாலும் செய்தவரின் பெயர், பட்டியல் போடுபவனுக்கு ஓய்வு.

ஜப்பானில் கையாடோனும் டெய்ஸ்கோவும் தனியாக ஒரு தாள் கேட்பவை. நம் பக்கம் கல்கத்தா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹவாயின் டாவ் மோ குடும்பம் அங்கே வந்து தங்கி வாசித்தது, உள்ளூரில் கார்னி நிஸ்ஸின் குழு இருந்தது, பிறகு காஜி அனிருத்தா, படுக் நந்தி, சுனில் கங்குலி என்று இசைத்தட்டு இசைத்தட்டாக வந்தது. கருவி? கரக்பூரில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்மொஷாய் வைத்திருந்தது சாதாரணப் பெட்டிக் கித்தார். தந்தி உயர்ந்து நிற்க மேல் கட்டையை உயர்த்தி, வட்டத் துளையில் ஒரு பிக்கப்பைக் குறுக்கே மாட்டியிருந்தார். மரம் லால்பஜார் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கியது, பிக்கப் ஒரு ரேடியோக்காரர் சுற்றிக் கொடுத்தது. பெயர் எதுவும் இல்லை. அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன். செய்தவர் கட்டத்தில் 'இருவர்' என்று எழுதியிருக்கிறேன்.

சாம்பல் கித்தாரின் வரியில் செய்தவர் வால்கோ, காலம் 1952 அல்லது சற்றுப் பின். நெற்றிப் பெயர் மட்டும் இன்னும் காலி. முன்பக்க மூன்று துளைகள் ஒரு முக்கோணம்: மேலே இரண்டுக்கும் நடுவில் 41 மில்லிமீட்டர், கீழே உள்ளது அவற்றிலிருந்து 23 தள்ளி. தகடு உதிராத சூப்ரோவோ ஓஹாவூவோ யாரிடமாவது இருந்தால், ஒரு ஸ்கேலை வைத்து அளந்து சொல்லுங்கள்.