கேபிள் எரிக்கும் கிடங்கும் நான்கு வயது மகளும்

திருநெல்வேலியை அடுத்த ஊரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் வீட்டுக்கு மேற்கே, ஒரு தெரு தள்ளிப் பழைய இரும்புக் கிடங்கு இருக்கிறது. கம்ப்யூட்டர், டி.வி. முதலியவற்றைப் பிரித்து, இரவில் கேபிள்களை எரிக்கிறார்கள். ஆடிக்காற்றில் புகை வீட்டுக்குள் வருகிறது. என் கொழுந்தனார் அங்கேதான் வேலை பார்க்கிறார். நான்கு வயது மகளுக்கு என்ன பரிசோதனை செய்ய வேண்டும்? தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா?"

கண்ணை எரிக்கும் புகையின்மேல் உங்கள் கவனம் இருப்பது இயல்பே. ஆனால், கொழுந்தனார் தம் வேலைச்சட்டையை எங்கே கழற்றிப் போடுகிறார் என்பதையே நான் முதலில் கேட்பேன். சர்க்யூட் போர்டின் பற்றவைப்பிலும் பழைய டி.வி.யின் படக்குழாய்க் கண்ணாடியிலும் உள்ள ஈயம், உடைக்கும்போதும் சூடாக்கும்போதும் நுண்தூசியாகி, உடையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்கிறது. தரையில் விளையாடும் குழந்தை அதே கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனச்சிதறல், படிப்பில் பின்னடைவு, ரத்தசோகை என அதன் பாதிப்பு மெல்லத்தான் வெளிப்படும் என்பதால், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் கிடங்கைப் பற்றிச் சொல்லி, 'ரத்த ஈய அளவு' பரிசோதனையைக் கேளுங்கள்; வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது வராது. விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், கைச்சிரையில் எடுத்த ரத்தமே நம்பகமானது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அதற்குக் குறைந்தால் பாதுகாப்பு என்று பொருளில்லை. தலைமுடியைச் சோதித்துச் சொல்வோரிடமும் 'நச்சு நீக்கும்' பொடி விற்போரிடமும் தயவுசெய்து பணத்தை இழக்காதீர்கள்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். கிணற்று நீரோ போர் தண்ணீரோ குடிப்பதானால், ஈயத்துக்கும், காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்கும் ஆய்வகத்தில் சோதியுங்கள். கிடங்கில் அமிலம் ஊற்றி உலோகம் பிரிக்கிறார்கள் என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

புகையின் ஆபத்து வேறு வகை. கேபிளின் பி.வி.சி. உறை எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் உருவாகிறது. எந்தச் செம்புக்காக எரிக்கிறார்களோ அந்தச் செம்பே அது உருவாவதைத் தூண்டும் வினையூக்கி. டையாக்சின் மண்ணில் படிந்து, அதைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டைக் கொழுப்பில் சேர்கிறது. ஆகவே வீட்டுக்கோழி முட்டையைக் குழந்தைக்குத் தருவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். புகை வரும் நாள்களில் மேற்குச் சன்னல்களை மூடுங்கள். மாடியில் வற்றலும் வடகமும் காயப்போட வேண்டாம்.

கொழுந்தனார் கிடங்கிலேயே குளித்து உடை மாற்றி வரட்டும். அந்த உடையைத் தனியே துவையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும் என்பதால் ஈரத்துணியால் துடையுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடலில் ஈயம் எளிதில் ஏறுமாதலால், நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் ஆகியவற்றை மகளுக்கு வெறும் வயிறாக விடாமல் கொடுத்து வாருங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்றவர்களே இத்தொழிலைச் செய்யலாம். எரிக்கும் நாளும் நேரமும் குறித்து, படத்துடன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.