சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் இந்த ஆண்டு பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கடைசிப் பருவத்திலிருந்தே ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

உண்மையைச் சொன்னால் எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. தோழிகள் பயிற்சிப் பட்டறை, இன்டர்ன்ஷிப் என்று ஆளுக்கு நான்கைந்து சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அவையெல்லாம் சனிக்கிழமைகளில்தான் நடந்தன. என்னால் போக முடியவில்லை. மாமா சிறிய பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். இரண்டாம் ஆண்டிலிருந்து சனிக்கிழமைதோறும் அங்கே போய் இருபத்துநான்கு டெய்லர்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் நோட்டில் எழுதினேன், பிறகு எக்செலுக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் ஏதாவது உருப்படியாகக் கற்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் 58 சதவீதம்தான். அதைப் போடாமல் விடலாமா? முதல் பட்டதாரி என்று குறிப்பிடலாமா? ஒரு கன்சல்டன்சியில் 3,000 ரூபாய் கொடுத்தால் நல்ல ரெஸ்யூமே தயாரித்துத் தருகிறார்களாம். கொடுக்கலாமா? என்னுடையதை இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

எம்.
திருப்பூர்

அன்புள்ள எம்.,

முதலில், அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் பிரித்துவைக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அதனால் உங்கள் ரெஸ்யூமேயைத் திறந்ததுமே அடுத்தடுத்த வரிகள் எனக்கு மனப்பாடமாக வந்துவிட்டன. சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன் என்ற நோக்கம். கடின உழைப்பு, நேரந்தவறாமை, குழுவோடு இணைந்து பணியாற்றும் பண்பு என்று மூன்று பலங்கள். பாட்டுக் கேட்டல், தோட்டக்கலை என்று பொழுதுபோக்குகள். தந்தை பெயர், மதம், திருமணம் ஆகவில்லை என்ற தகவல். கடைசியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. இந்தக் கோப்பு உங்கள் சீனியரிடமிருந்து வந்திருக்கும். அவருக்கு அவருடைய சீனியரிடமிருந்து வந்திருக்கும். ஒருமுறை ஒரு பையனின் ரெஸ்யூமேயில் தலைப்பில் ஒரு பெயரும் உறுதிமொழியின் கீழே வேறொரு பெயரும் இருந்தன. யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று சிரித்துக்கொண்டோம்.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் வீடுகளில் பழக்கமான தாள்கள் இரண்டுதான்: அரசு விண்ணப்பப் படிவம், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஜாதகக் குறிப்பு. இரண்டும் கலந்த சாயல்தான் நம் பிள்ளைகளின் ரெஸ்யூமே. படிவத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். ரெஸ்யூமேயில் கேள்வியே கிடையாது. எதைச் சொல்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை, கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. தனியார் வேலைக்கு உறுதிமொழி தேவையில்லை. மதமும் திருமணத் தகவலும் தந்தை பெயரும் வேண்டாம். ஆதார் எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். முதல் பட்டதாரி என்பது கட்டணச் சலுகைக்கான சான்று. குடும்பத்தைப் பற்றி நேரில் கேட்டால் பெருமையாகச் சொல்லுங்கள், தாளில் வேண்டாம்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம். நீங்கள் மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கும் அந்த நான்கைந்து வரிகள்தான் உங்கள் ரெஸ்யூமேயின் முதல் பத்தி. இரண்டு பக்க ரெஸ்யூமேயில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே, ஏன்? சொந்தக்காரர் கம்பெனி, சம்பளம் வாங்காத வேலை, அதனால் அது வேலை ஆகாது என்று நினைத்துவிட்டீர்கள்.

பீஸ் ரேட் கணக்கு, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கு, எப்படிப்பட்டது என்று திருப்பூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓவர்லாக் மெஷினுக்கு ஒரு ரேட், பேட்லாக் மெஷினுக்கு ஒரு ரேட், காஜா பட்டனுக்கு வேறு. ஒருவர் வாரத்தின் பாதியில் மெஷின் மாறியிருப்பார். இன்னொருவர் தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தை வாராவாரம் கழிக்க வேண்டும். பீஸ் எண்ணிக்கையில் பத்து குறைந்தால் சனிக்கிழமை மாலை உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பிழை இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டு வருடம் இந்த மேசையில் உட்கார்ந்த பெண்ணையும் ஒருநாள் பட்டறையில் சான்றிதழ் வாங்கிய பெண்ணையும் என் முன்னால் நிறுத்தினால், கணக்குப் பிரிவுக்கு யாரை எடுப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆங்கிலத்தில் எழுதும்போது பொருள் இப்படி வரட்டும்: “பின்னலாடைத் தையல் கூடம், திருப்பூர். பகுதிநேரம், இரண்டு ஆண்டுகள். 24 தையல் தொழிலாளர்களின் வாராந்திர பீஸ் ரேட் கூலியைக் கணக்கிட்டு, முன்பணம் கழித்துப் பட்டியல் தயாரித்தேன். நோட்டில் இருந்த கணக்கை எக்செலுக்கு மாற்றினேன்.” இவ்வளவுதான். கணக்கு மேலாளர் என்று பதவி சூட்டிக்கொள்ள வேண்டாம். எக்செலுக்கு மாற்றியதால் நேரம் மிச்சமானதா? முன்பு எவ்வளவு ஆனது, பிறகு எவ்வளவு ஆனது என்று மாமாவிடம் கேட்டுப்பாருங்கள். அந்த விவரம் உண்மையாகக் கிடைத்தால் ஒரு வரி சேருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு சீனியரின் கோப்பு இருந்த இடத்தில் இப்போது சாட்ஜிபிடி இருக்கிறது. உங்கள் நான்கு வரிகளைக் கொடுத்தால் செலவை 30 சதவீதம் குறைத்தீர்கள் என்று அதுவாகவே சேர்த்தாலும் சேர்க்கும். இலக்கணப் பிழை திருத்த வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. விஷயம் தெரிந்தவர் நேர்காணலில் இருந்தால் “இருபத்துநான்கு பேர் என்றால் பி.எஃப். பிடித்தீர்களா?” என்று கேட்பார். 20 பேர் வேலை செய்தாலே அந்த நிறுவனத்துக்கு பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி பொருந்தும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேரே போதும். பதிலை மாமாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குத் தர்மசங்கடமாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும் என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் போடும் சொல் அது. அதில் என்ன செய்வீர்கள்? பில் பதிவா, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதா, ஜிஎஸ்டி விவரம் எடுப்பதா? செய்ததை மட்டும் எழுதுங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவம் மறுமாதம் 11ஆம் தேதிக்குள், வரி கட்டுவதற்கான 3பி படிவம் 20ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கிறவர் இந்தத் தேதிகளைக்கூடத் தெரியாமல் போகக் கூடாது.

இறுதியாண்டு ஆய்வு, இருசக்கர வாகன வாடிக்கையாளர் திருப்தி பற்றியது என்று பார்த்தேன். நீங்களே தெருவில் இறங்கி வினாத்தாள் நிரப்பி வாங்கியிருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். ஆய்வைத் தயாரித்து விற்கும் பிராஜெக்ட் சென்டரில் வாங்கியதென்றால் தலைப்போடு நிறுத்துங்கள். எத்தனை பேரைக் கேட்டீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற இரண்டே கேள்விகளில் அது தெரிந்துவிடும்.

58 சதவீதத்தை மாற்றி எழுதாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கினால் கிடைத்த வேலையும் போகும். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அனுப்பி மனம் நோக வேண்டாம். மதிப்பெண் கேட்காத இடங்களுக்கு அனுப்பும்போது பி.காம். மதிப்பெண்ணை மட்டும் போடலாம், அதில் பொய் ஒன்றுமில்லை. படிவம் கொடுத்துக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு பக்கம் போதும். நீலக் கரையும் புகைப்படமும் வேண்டாம். வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் கட்டங்களையும் இரட்டைப் பத்திகளையும் தாறுமாறாகப் படிக்கக்கூடும். சாதாரண வரிகளே பாதுகாப்பு. பிடிஎஃப் கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். பள்ளி நாட்களில் விளையாட்டாகத் தொடங்கிய அந்த மின்னஞ்சல் முகவரியைத் தயவுசெய்து மாற்றுங்கள். விளம்பரத்தில் சம்பளப் பட்டியல் தயாரிக்க ஆள் தேவை என்றிருந்தால் டெய்லர் கணக்கு மேலே வரட்டும், டேலி என்றிருந்தால் அது மேலே வரட்டும். எல்லோருக்கும் ஒரே கோப்பு அனுப்பியதும் பதில் வராததற்கு ஒரு காரணம்.

பரிந்துரை செய்பவர் என்ற இடத்தில் மாமாவின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். உறவினர் சொல்வதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாமாவின் கம்பெனிக்கு வருடக் கணக்கு முடித்துத் தரும் ஆடிட்டர் ஒருவர் இருப்பார். நீங்கள் போட்ட சம்பளக் கணக்கு அவர் கைக்கும் போயிருக்கும். நேரில் போய்ப் பாருங்கள், பரிந்துரைக்கு அவர் பெயரைப் போடலாமா என்று அனுமதி கேளுங்கள். அவர் அலுவலகத்தில் ஆள் தேவைப்படுகிறதா என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள்.