ஹோட்டல் பில்லும் கார்டு கட்டணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். பில் 2,100 ரூபாய். டெபிட் கார்டை நீட்டியதும் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்" என்றார் கல்லாவில் இருந்தவர். பின்னால் ஆட்கள் நின்றதால் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். இப்படி வாங்கலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: வாங்கக் கூடாது. அதுவும் டெபிட் கார்டு என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தனக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கு ஒரு கட்டணம் கொடுக்கிறார், அதைத்தான் எம்டிஆர் என்பார்கள். டெபிட் கார்டில் அந்தக் கட்டணத்தைக் கடைகள் வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வது வங்கிகளின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. 2018 ஜனவரி 1 முதல் அதற்கு உச்சவரம்பும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் உள்ள கடைக்கு 0.90 சதவீதம்.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,100 ரூபாய்க்கு இரண்டு சதவீதம் என்றால் 42 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஹோட்டல் வங்கிக்குக் கொடுப்பது அதிகபட்சம் 18 ரூபாய் 90 காசு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 22 ரூபாய்க்கும் கொஞ்சம்தான் கூட. மீதி ஏறக்குறைய 20 ரூபாய் சும்மா கல்லாவுக்குள் போகிறது. உங்களுடையது ரூபே டெபிட் கார்டு என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ பணத்துக்கும் கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது. இல்லாத செலவுக்கு உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கிரெடிட் கார்டு கதை கொஞ்சம் வேறு. அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை, ஹோட்டல்காரருக்கு இரண்டு சதவீதம் வரை, சில நேரம் அதற்கு மேலும் போகும். சின்ன ஹோட்டலுக்கு அது பெரிய காசுதான், அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மெஷின் வாங்கும்போது போடும் ஒப்பந்தத்தில் பொதுவாகவே, இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்க மாட்டேன் என்ற நிபந்தனை இருக்கும். கட்டுப்படியாகவில்லை என்றால் கிரெடிட் கார்டு எடுப்பதில்லை என்று வாசலிலேயே எழுதி வைக்கலாம், அது நேர்மை. சாப்பிட்டு முடித்து, குழந்தை தூக்கத்தில் சிணுங்கும்போது, இனி எழுந்துபோகவும் முடியாது என்ற நிலையில் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த முறை இப்படிக் கேட்டால் சத்தம் போட வேண்டாம். "சரி, அந்த ரெண்டு பர்சென்டை பில்லிலேயே தனியாகப் போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றதும் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால், ஹோட்டல் பில், மெஷினில் வரும் சீட்டு இரண்டையும் வாங்கி வையுங்கள். மெஷின் கொடுத்த வங்கியின் பெயர் பெரும்பாலும் அந்தச் சீட்டில் இருக்கும். அந்த வங்கிக்கும் உங்கள் கார்டு வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கேள்வி: சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு "மெனு கார்டிலேயே போட்டிருக்கோம், படிச்சுட்டுத்தானே உட்கார்ந்தீங்க" என்கிறார்கள். (சென்னை)

பதில்: மெனு கார்டில் அச்சடித்துவிட்டால் செல்லும் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தர மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது, உணவு விலையோடு சேர்த்து அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள், கொஞ்ச காலம் தடையும் வாங்கினார்கள். 2025 மார்ச் 28 அன்று அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், வழிகாட்டுதல் செல்லும் என்று சொன்னது. அதை எதிர்த்து மேல்முறையீடும் போயிருக்கிறது.

ஆக, "இதை எடுத்துவிட்டு வேறு பில் போடுங்கள்" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். பலருக்கு இது வரி என்ற நினைப்பு இருக்கிறது, அரசாங்கத்துக்குப் போகிறது என்று நம்பிக் கொடுக்கிறார்கள். ஒரு பைசாகூடப் போகாது, அது முழுக்க ஹோட்டலின் வருமானம். பரிமாறினவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அவர் கையிலேயே பணமாகக் கொடுங்கள். கார்டில் டிப்ஸ் சேர்த்தால் அது அவருக்குப் போய்ச் சேருகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி ஐந்தே சதவீதம்தான் என்கிறார்கள், ஆனால் தோசை விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் நெய், பனீருக்கெல்லாம் வரி குறைந்ததே, அதுவும் எங்கே போனது? (மதுரை)

பதில்: நல்ல கேள்வி, இதை ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஹோட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 சதவீதம். அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டையும் 5 ஆக்கினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஹோட்டல்காரர் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து இனி கழித்துக்கொள்ள முடியாது. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம், கடை வாடகைக்கு 18 சதவீதம், டெலிவரி ஆப் பிடிக்கும் கமிஷனுக்கு 18 சதவீதம், இது எல்லாமே அவருக்குச் செலவாகிவிடுகிறது. அந்தச் செலவு தோசை விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பில்லில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து சதவீதம்தான், தெரியாத வரி விலைக்குள்ளேயே இருக்கிறது. மாஸ்டர் கூலி, எண்ணெய், பருப்பு, காய்கறி எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய்க்கு வரி 12-லிருந்து 5 ஆனது, பாக்கெட் பனீருக்கு வரியே இல்லை. வரியைக் கழித்துக்கொள்ள முடியாத ஹோட்டலுக்கு இது நேரடி லாபம். நெய் ரோஸ்டில் சில காசுகள்தான் மிஞ்சும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பனீர் பட்டர் மசாலாவை மட்டும் நம்பி ஓடும் இடங்களில் விலை ஒரு ரூபாய்கூட அசையாமல் இருப்பது சரியில்லை. சட்டப்படி மெனு விலையை ஹோட்டல்காரர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், அதில் நாம் கை வைக்க முடியாது. உட்காரும் முன் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாது என்றால் எழுந்துபோகும் வசதியாவது நமக்கு இருக்கிறது. பில்லின் அடியில் ஒட்டும் தொகைக்கு அந்த வசதி கிடையாது, அதனால்தான் நான் அதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறேன்.

கேள்வி: பரோட்டாவுக்கு வரியே இல்லை என்று செய்தியில் படித்தேன். ஹோட்டலில் இன்னும் 5 சதவீதம் போடுகிறார்களே? (விருதுநகர்)

பதில்: வரி நீங்கியது கடையில் பாக்கெட்டில் விற்கும் பரோட்டாவுக்கு. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதும் பார்சல் வாங்குவதும் உணவகச் சேவை, அதற்கு 5 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தெரு மெஸ்ஸில் பில் புத்தகத்தில் கையால் எழுதி "ஜிஎஸ்டி 5%" என்று வாங்குகிறார்கள். சரியா? (திருச்சி)

பதில்: பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வரி வாங்கும் உரிமையே இல்லை. எண் இருந்தாலும் இன்னொன்று உண்டு. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் செய்யும் ஹோட்டல்கள் காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் சேரலாம். சேர்ந்தவர்கள் தங்கள் கையிலிருந்துதான் 5 சதவீதம் கட்ட வேண்டும், நம்மிடம் தனியாக வாங்கக் கூடாது, அதை பில்லிலேயே எழுதியும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அவர் சாதாரணப் பதிவா, காம்போசிஷனா என்று காட்டிவிடும், அதற்கு லாக்இன்கூட வேண்டாம். இந்த விஷயத்தைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு, கணக்குப்பிள்ளை சொன்னதைக் கேட்டு அறியாமல் செய்பவர்களும் உண்டு. தெரு மெஸ்தானே, முதலில் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நேரில் 80 ரூபாய்க்குச் சாப்பிடும் அதே மசால் தோசையை ஆப்பில் வாங்கினால் இரட்டை விலை ஆகிறதே, எப்படி? (சேலம்)

பதில்: பல ஹோட்டல்கள் ஆப் கமிஷனை ஈடுகட்ட அங்கே விலையை ஏற்றியே போடுகின்றன. அது ஒன்று. அப்புறம் பார்சல் டப்பாவுக்குக் காசு, டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், கட்டணங்களுக்கும் வரி. உணவுக்கான 5 சதவீதத்தை 2022 ஜனவரி 1 முதல் ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது. அதனால் நேரில் ஜிஎஸ்டியே வாங்காத சின்ன மெஸ்ஸின் சாப்பாட்டுக்கும் ஆப்பில் வரி ஏறிவிடும். ஒரு தோசைக்காக ஆர்டர் போட்டால் இந்தக் கட்டணம் எல்லாம் அந்த ஒரு தோசையின் மேலேயே விழும். பக்கத்துக் கடை என்றால் போன் போட்டுச் சொல்லிவிட்டு நடந்துபோய் வாங்கிக்கொள்ளுங்கள், "60 சதவீதம் தள்ளுபடி" கூப்பன் போட்டாலும் பல நேரம் அதுதான் மலிவாக இருக்கும்.

கேள்வி: 20 ரூபாய் எம்ஆர்பி தண்ணீர் பாட்டிலுக்கு ஏசி ஹோட்டலில் 50 ரூபாய். புகார் செய்யலாமா? (வேலூர்)

பதில்: உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்றால் கஷ்டம். ஹோட்டல்கள் எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது, இருக்கை, ஏசி, பரிமாறுவது எல்லாம் சேர்ந்த சேவை என்பது காரணம். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் இப்போதைய நிலை இதுதான். சர்வர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே "சாதாத் தண்ணி கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பெட்டிக்கடையிலோ பேக்கரி கவுன்டரிலோ வாங்கிக்கொண்டு போகும் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் அது தப்பு.

கேள்வி: கார்டை சர்வர் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். ஆபத்தா? (புதுச்சேரி)

பதில்: கொடுக்காதீர்கள். தட்டினாலே பணம் போகும் கார்டில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் தேவையில்லை. மெஷினை மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லை நீங்களே எழுந்து கல்லாவுக்குப் போங்கள், திரையில் தொகையைப் படித்த பிறகு தட்டுங்கள். வங்கி ஆப்பில் அந்த வசதியை நிறுத்தவும் வரம்பைக் குறைக்கவும் முடியும். உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் குறுஞ்செய்தி வந்த உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் தவறு இல்லாமல் வெளியார் யாராவது எடுத்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதும் வரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கேள்வி: இருபது, முப்பது ரூபாய்க்கு யார் அலைவது? எங்கே புகார் செய்வது? (தஞ்சாவூர்)

பதில்: அலைய வேண்டாம், 1915-க்குப் போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். பில் படம், பணம் கட்டிய சீட்டு, ஹோட்டல் பெயர், தேதி இவ்வளவு போதும். அவர்கள் ஹோட்டலுக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், பல விஷயங்கள் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டால் போதும். ஹோட்டல் பில் வெப்பத்தாளில் அச்சாவதால் சீக்கிரமே வெளுத்துப்போகும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.