போர்வீரன் பாதைப் புத்தகங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஷாமனிடம், அதாவது ஆவிகளோடு பேசி நோய் தீர்க்கும் பழங்குடி வைத்தியரிடம், சீடராகச் சேர்ந்தவர்களின் கதைகளையும் ஆன்மிகப் போர்வீரன் பாதை பற்றிய நூல்களையும் பதினைந்து வருடமாகப் படித்து வருகிறேன். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, இந்த வகையில் ஒன்றுகூடப் படித்ததில்லை. ஷாமனிடம் சீடராக இருந்ததாக எழுதிய கார்லோஸ் காஸ்டனேடாவின் முதல் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். 1968-இல் வந்த முதல் புத்தகத்தில் பெயோட்டே கள்ளி, ஊமத்தை, காளான் என்று போதை தரும் மூன்றைச் சுற்றியே பாதிக் கதை ஓடும், கடைசிப் பகுதி ஆய்வேட்டு நடையில் வறண்டு கிடக்கும். பலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். 1972-இல் வந்த மூன்றாவது புத்தகத்தை முதலில் எடுங்கள். தாவரங்களுக்குத் தான் தேவைக்கு மேல் இடம் கொடுத்துவிட்டதாக அவரே அதன் முன்னுரையில் ஒப்புக்கொண்டு, முதலில் ஒதுக்கி வைத்த பாடங்களுக்குத் திரும்பிப் போகிறார். நடப்பது, கவனிப்பது, பழக்கங்களை உடைப்பது, சாவை ஒரு கை தூரத்தில் வைத்துக்கொண்டு வாழ்வது, இப்படி. எனக்கு அதுதான் அவர் எழுதியதில் நல்ல புத்தகம்.

கேள்வி: காஸ்டனேடா தன் குருவாக எழுதும் தோன் ஹுவான் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. இருந்ததற்கு நம்பத் தகுந்த சான்று எதுவும் இல்லை என்பதுதான் என் பதில். காஸ்டனேடா தன் களக் குறிப்பேடுகளை யாருக்கும் முறையாகக் காட்டவில்லை. 1973-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது, அதே வருடம் டைம் இதழ் அவரை அட்டையில் போட்டது, அவர் சொல்லிவந்த வாழ்க்கை வரலாறு பதிவேடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதும் அந்தக் கட்டுரையிலேயே வந்தது. ரிச்சர்ட் டி மில் என்பவர் 1976-இல் புத்தகங்களை வரிவரியாக ஒப்பிட்டு, தேதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை எடுத்துக் காட்டினார்.

என்னை அதைவிட யோசிக்க வைத்தது வேறு. தோன் ஹுவான் யாகி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர் என்கிறார் காஸ்டனேடா. யாகி மக்கள் மெக்சிகோவின் சோனோராவிலும் எல்லைக்கு அப்பால் அரிசோனாவிலும் இருக்கிறார்கள், மான் நடனத்துக்குப் பேர்போனவர்கள். பெயோட்டே அவர்கள் மரபில் கிடையாது, அது மெக்சிகோவின் இன்னொரு பழங்குடியான விராரிகா மக்களுடையது. யாகி சமூகத்தைப் பல வருடம் ஆராய்ந்த எட்வர்ட் ஸ்பைசர், இந்தப் புத்தகத்துக்கும் யாகி பண்பாட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று அப்போதே எழுதிவிட்டார். யாகி மொழிச் சொற்கள்கூடத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு மக்களின் பெயரை முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே போட்டுவிட்டு அவர்களை உள்ளே காணவில்லை என்றால், அது எனக்கு வலிக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் அவ்வளவும் பொய்தானே, ஏன் இன்னும் படிக்கச் சொல்கிறீர்கள்?

சான்றாகப் படிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். நாவலாக எடுத்துக்கொண்டு அதிலிருக்கும் பயிற்சியைச் செய்து பாருங்கள். கனவில் உங்கள் கைகளைத் தேடிப் பாருங்கள் என்று ஒரு பாடம் வரும். தினமும் படுக்கும்முன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் தூங்கினேன், பத்து நாளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி, ஏதோ ஒரு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த கனவில், கை நினைவுக்கு வந்தது. தூக்கிப் பார்த்தால் இடது கையில் ஆறு விரல்! இது கனவு என்று தெரிந்தது, தெரிந்த மறுநொடி விழித்துவிட்டேன். மாயம் ஒன்றும் இல்லை, கனவு என்று தெரிந்தே கனவு காண்பது மனிதருக்கு இயல்பாக வரக்கூடியதுதான். ஆனால் அடுத்த நாள் முழுக்க நான் எதையும் அரைத்தூக்கத்தில் செய்யவில்லை.

இன்னொன்று, வாழ்க்கையில் பழகிய ஒவ்வொருவரையும் பட்டியல் போட்டு, ஒருவர் ஒருவராக நினைவுக்குக் கொண்டுவந்து, மூச்சோடு சேர்த்து அந்தக் காட்சியை முழுசாக ஓட்டிப் பார்ப்பது. இது பின்னால் வந்த புத்தகங்களில் இருக்கிறது. என் பட்டியல் ஒரு நோட்டு நிறைய வந்தது. அதில் ஒரு பழைய தோழியின் பெயரை எழுதியபோது பேனா நின்றுவிட்டது. எட்டு வருடமாக அவள்மேல்தான் தப்பு என்று நினைத்திருந்தேன், காட்சியை ஓட்டிப் பார்த்தால் முதலில் கதவைச் சாத்தியது நான். அன்றைக்கே போன் செய்தேன்.

கேள்வி: ஊமத்தை எங்கும் கிடைக்கிறதே, கொஞ்சமாக முயன்று பார்க்கலாமா?

கூடாது. கொஞ்சமும் கூடாது. ஸ்கோபலமைன், அட்ரோபின் என்ற இரண்டு நச்சுப் பொருள்கள் அதில் இருக்கின்றன, ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் அளவு மாறும், ஒரே செடியின் இலைக்கும் விதைக்கும்கூட மாறும். இதயம் படபடக்கும், உடம்பு கொதிக்கும், இல்லாத ஆட்களோடு பேசுவீர்கள், உயிரே போகலாம். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மேடம், “போர்வீரன்” என்ற சொல்லே உறுத்துகிறது. யாரோடு போர்?

எனக்கும் உறுத்தியது. திபெத்திய ஆசிரியர் சோக்யம் துருங்பா 1984-இல் வந்த தன் நூலில் இதற்கு விளக்கம் சொல்கிறார். போர்வீரன் என்பதற்கான திபெத்தியச் சொல் பாவோ, அதற்குத் துணிந்தவர் என்று பொருள். எதிரியை அடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, தன்னைக் கண்டு தானே பயப்படாமல் இருப்பதுதான் துணிவு என்கிறார். அழகான நூல். அதே துருங்பா கடுமையாகக் குடித்து ஐம்பது வயதாகும் முன்பே, 1987-இல் இறந்தார். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

கேள்வி: உண்மையான ஷாமன் சொன்ன புத்தகம் ஏதாவது உண்டா?

உண்டு. பிரேசிலின் யனோமாமி பழங்குடி ஷாமன் டேவி கோபெனாவா, மானுடவியலாளர் ப்ரூஸ் ஆல்பெர்ட்டிடம் சொல்லி வந்த நூல், 2010-இல் பிரெஞ்சிலும் 2013-இல் ஆங்கிலத்திலும் வெளியானது. தடித்த புத்தகம், மெதுவாகத்தான் நகரும். மாமனாரிடம் சீடராக இருந்த காலத்தை அவர் சொல்லும் இடங்களில் சாகசப் பெருமை எதுவும் இல்லை, உடம்பு படும் பாடு இருக்கிறது. காட்டை அழிக்கும் தங்கச் சுரங்கக்காரர்களுக்கு எதிராகப் பேசுவதும் அவருக்கு அதே வேலையின் பகுதிதான்.

மரியா சபினாவைப் பற்றியும் தேடிப் படியுங்கள். மெக்சிகோவின் வாஹாகா மலையில் வாழ்ந்த மசாடெக் வைத்தியப் பெண்மணி. காளான் சாப்பிட்டு அவர் நடத்தும் இரவுச் சடங்கில் 1955-இல் அமெரிக்கர் கார்டன் வாசன் கலந்துகொண்டு, 1957-இல் லைஃப் இதழில் எழுதினார். அவர் பெயரை மாற்றித்தான் எழுதினார், இருந்தும் கூட்டம் ஊரைக் கண்டுபிடித்துவிட்டது. நோயாளிக்காகச் செய்த சடங்கைக் கடவுளைப் பார்க்கவென்று வந்தவர்கள் கேட்டார்கள். மரியாவின் வீடு எரிக்கப்பட்டது. அந்நியர்கள் வந்தபிறகு காளான்களின் சக்தி போய்விட்டது என்று பின்னாளில் வருத்தப்பட்டார்.

கேள்வி: ஒருவர் “போர்வீரர் முகாம்” நடத்துகிறார், வீட்டோடு தொடர்பை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். போகலாமா?

போகாதீர்கள். 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே நடந்த முகாமின் பெயரே “ஆன்மிகப் போர்வீரன்”. தலைக்கு 9,000 டாலருக்கு மேல் கட்டணம். 36 மணி நேரம் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் இருந்தவர்களை அதே முகாமில், சுடுகற்களால் நீராவி ஏற்றும் வியர்வைக் கூடாரத்துக்குள் உட்காரவைத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள், நடத்தியவர் 2011-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. காஸ்டனேடாவைச் சுற்றி இருந்தவர்களும் குடும்பத்தை அறுத்துக்கொண்டு வந்தவர்கள்தான். அவர் 1998-இல் இறந்ததும் சில பெண்கள் காணாமல் போனார்கள், அவர்களில் ஒருவரின் எலும்புகள் 2003-இல் டெத் வேலி பாலைவனத்தில் கிடைத்தன. அம்மாவிடம் பேசாதே என்று சொல்கிறவர் எவ்வளவு ஞானியாகத் தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: காஸ்டனேடாவின் எல்லாப் பாகமும் படிக்கணுமா?

நான்காவதோடு, அதாவது 1974-இல் வந்ததோடு, நிறுத்தலாம்.

கேள்வி: அக்கா, படித்ததிலிருந்து வேலை, வீடு எல்லாம் அற்பமாகத் தெரிகிறது. விட்டுவிட்டுக் கிளம்பிடலாம் போல இருக்கிறது.

தம்பி, எனக்கும் ஆறு மாதம் அப்படி இருந்தது. மூன்றாவது புத்தகத்தில் சுயமுக்கியத்துவத்தை விடுவது பற்றி ஓர் அத்தியாயம் வரும், தோன் ஹுவான் சீடனை ஒரு சின்னச் செடியின் முன்னால் உட்காரவைத்து அதோடு சத்தமாகப் பேசச் சொல்வார். அவன் கூச்சத்தில் நெளிவான். நீங்கள் கிளம்ப நினைப்பதை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அந்த மாதம் முழுக்க, ஆபீஸில் உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத அந்த ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கடைசிவரை கேளுங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், கிளம்புவதைப் பற்றி அப்போது பேசுவோம்.