பெண் பச்சோந்தி கறுத்துப் போய் சீறுது, ஆணோட சேர்த்து விடலாமா?

டொரொன்டோவுல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். மடகாஸ்கர் காட்டுல புடிச்ச பேந்தர் பச்சோந்தி ஒரு ஜோடி வாங்கி மூணு வாரம் ஆச்சாம், ரெண்டுமே அம்பிலோபே ஊர் ரகம்னு சொல்லித்தான் வித்தாங்களாம், ஆண் செவப்பும் நீலமுமா அவ்ளோ அழகு, ஆனா அதைக் கண்ணுல காட்டினாலே பெண் கறுத்துப் போய் வாயைப் பொளந்து சீறுதாம். இது நோயா, ஒரே கூண்டுல ஒரு வாரம் விட்டா பழகிடுமான்னு கேக்குறார்.

விடாதீங்க, தயவு செஞ்சு விடாதீங்க. உங்க பெண் பெரும்பாலும் ஏற்கெனவே சினையா இருக்கு. இணை சேரத் தயாரா இருக்குற பெண் வெளிர் ரோஸ், பீச் கலர்ல இருக்கும், ஆண் கிட்ட வந்தா அமைதியா நடந்து போகும். சினையானதும் உடம்பு கருத்து மேல ஆரஞ்சுத் திட்டு வரும், ஆணைப் பார்த்தா ஆடிக்கிட்டே சீறும். ஆண் கண்ணுலயே படாத நேரத்துலயும் அந்தக் கலர் போகலைன்னா சினைதான். காட்டுல புடிச்சு வர்ற வளர்ந்த பெண்ணுங்கள்ல இது ரொம்ப சாதாரணம், விக்கிறவங்களுக்கும் தெரியும், சொல்ல மாட்டாங்க.

இணை சேர்ந்து ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல முட்டை போடும், மூணு வாரம் உங்க வீட்டுலயே போயிடுச்சு, அதனால இன்னிக்கே முட்டைத் தொட்டி வைங்க. ஒரு அடி ஆழம் இருக்கணும், கழுவின மணலும் மருந்து உரம் கலக்காத மண்ணும் கலந்து ஈரமா போடுங்க, கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. அது சுரங்கம் தோண்டி, உள்ள திரும்பி உக்காந்து முட்டை போட்டு, அப்புறம் காலால மண்ணைத் தள்ளி மூடும், இதுக்கு ஒரு நாளுக்கு மேலயும் ஆகலாம். அந்த நேரம் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா பாதியில விட்டுட்டு ஏறிடும், முட்டை உள்ளயே தங்கிடும், அதுலதான் நிறைய பெண்ணுங்க சாகுது. கூண்டைச் சுத்தி துணியப் போட்டு மூடிடுங்க. பகல்ல கண்ணை மூடிக்கிட்டு தரையிலயே கெடந்தா காத்திருக்காதீங்க, ஊர்வன பார்க்கத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட அன்னிக்கே போங்க. எல்லா கால்நடை டாக்டருக்கும் இது தெரியாது, யாருக்குத் தெரியும்னு இப்பவே விசாரிச்சு வைங்க.

அடுத்தது, உடம்புக்குள்ள இருக்குற ஒட்டுண்ணிப் புழு விஷயம். கடையில குடுக்குற புழு மருந்தை கண்ணை மூடிக்கிட்டு ஊத்தாதீங்க, எச்சத்தைக் குடுத்து டெஸ்ட் பண்ணுங்க, அதுல வர்றதுக்கு மட்டும் டாக்டர் சொல்ற அளவுல மருந்து. ஆனா ஒண்ணு, கொசு மூலமா பரவுற ஒரு புழு இருக்கு, அது எச்சத்துல தெரியவே தெரியாது, டெஸ்ட் சுத்தம்னு வந்தாலும் உள்ள இருக்கும். விலாப் பக்கம் தோலுக்கு அடியில நூலைச் சுருட்டி வச்ச மாதிரி மேடா தெரியும், உத்துப் பார்த்தா நகரும். அதை மருந்து குடுத்து ஒரே அடியா கொன்னா செத்த புழு உள்ளயே கெடந்து ஆபத்தாகும், டாக்டர் சின்னதா கீறி உருவி எடுக்குறதுதான் நல்லது, அதையும் முட்டை போட்டுத் தேறின அப்புறம் பார்த்துக்கலாம். ஆணையும் இதே மாதிரி வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க.

இப்ப அந்த அம்பிலோபே லேபிள். ஆணைப் பார்த்து மடகாஸ்கர்ல எந்த ஊர்னு சொல்லலாம், நோசி பே தீவு ரகம் பச்சை நீலமா இருக்கும், அம்பிலோபேல செவப்பு நீலப் பட்டை. பெண்ணுங்க எந்த ஊர்ல இருந்து வந்தாலும் ஒரே மாதிரி பழுப்பு, பீச்தான். புடிக்கிறவர், ஏற்றுமதி பண்றவர், இறக்குமதி பண்றவர்னு கை மாறி வர்ற பெண்ணுக்கு ஊர் பேர் எழுதுறது சுத்த வியாபாரம். சைட்டிஸ் பெர்மிட்ல, அதாவது காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விக்கிறதுக்கான சர்வதேச ஒப்பந்தப்படி குடுக்குற அனுமதியில, இனத்தோட பேரும் எண்ணிக்கையும்தான் முக்கியம், ஊரை யாரும் கேக்குறதில்ல. ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரங்க 2015ல டிஎன்ஏ பார்த்து பேந்தர் பச்சோந்தியை 11 தனி இனமாவே பிரிக்கலாம்னு சொல்லியாச்சு, பெர்மிட் பேப்பர்ல இன்னும் ஒரே இனம்.

அந்தப் பெர்மிட்ல ஒரு எழுத்து இருக்கும், அதைக் கேளுங்க. டபிள்யூ-ன்னா காட்டுல புடிச்சது, சி-ன்னா கூண்டுல தலைமுறையா வளர்த்தது, எஃப்-ன்னா கூண்டுல பொறந்தது ஆனா சி-க்கான விதிக்குள்ள வராதது. சினையா புடிச்ச பெண் போட்ட முட்டையில பொரிஞ்ச குஞ்சை "கேப்டிவ் பிரெட்" (கூண்டுல வளர்த்தது)னு சொல்லி டபுள் விலைக்கு விக்கிறாங்களே, அது சி கிடையாது. காசு குடுக்குறவன் கைக்கு இந்தப் பேப்பர் வர்றதே இல்ல, இதைச் சரி பண்ண ஒரு ஆபீஸும் மெனக்கெடுறதில்ல, எனக்கு அதுதான் தாங்கல.

பொய் லேபிள் வேண்டாம்னு உங்களுக்கும் அதேதான் சொல்றேன். இந்தப் பெண் விந்தை உள்ள சேத்து வச்சு அடுத்த தடவையும் முட்டை போடும், அதனால நாளைக்கு உங்க ஆணோட சேர்த்தாலும் குஞ்சோட அப்பா யாருன்னு உறுதி கிடையாது. அம்பிலோபேனு எழுதி விக்காதீங்க. சுத்த ரகம்தான் வேணும்னா தாய் தகப்பன் ரெண்டுக்கும் ரெக்கார்டு வச்சிருக்குற பிரீடர்கிட்ட பெண் வாங்குங்க, அதுவும் ஆறு மாசக் குஞ்சா இல்லாம வளர்ந்ததா.

தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்க நம்மூர் வேலியில இருக்குற பச்சோந்தியைத் தொடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம்.

முட்டை கெடைச்சா மேல பென்சில்ல ஒரு புள்ளி வச்சு, அந்தப் பக்கம் மேலயே இருக்குற மாதிரி ஈர வெர்மிகுலைட்ல (செடி வளர்க்கப் போடுற, ஈரம் புடிச்சு வைக்கிற கனிமத் துகள்) பாதி புதைச்சு வைங்க. கோழி இன்குபேட்டர் வேண்டாம், 23, 24 டிகிரி போதும். பொரிய 7 மாசம் ஆகலாம், 12 மாசமும் ஆகலாம், நாலாவது மாசம் ஒண்ணும் நடக்கலையேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, பூஞ்சை புடிச்சு சுருங்கினதை மட்டும் எடுங்க.