வாசகர் கேள்வி: பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஜெபம்

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாகியும் எங்களுக்குக் குழந்தையில்லை. உபவாசமிருந்தும் ஜெபித்துவிட்டோம். விசுவாசக் குறைவுதான் காரணம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். இப்போதெல்லாம் முழங்காலிட்டால் வார்த்தையே வருவதில்லை. தொடர்ந்து ஜெபிக்கத்தான் வேண்டுமா? மருத்துவரிடம் போவது அவிசுவாசமா?

பதில்: சகோதரி, உங்கள் விசுவாசத்தை அளந்து பார்த்தவர்கள் லூக்கா முதலாம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். சகரியாவும் எலிசபெத்தும் நீதியுள்ளவர்கள் என்று சொல்லும் வேதம், அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறது. வேண்டுதல் கேட்கப்பட்டதாகத் தேவதூதன் அறிவித்தபோதும் சகரியா நம்பவில்லை; அதனால் அவர் பேச்சிழந்தாரே தவிர, அவர்கள் மகன் யோவான் பிறக்காமல் போகவில்லை.

நாற்பது வயதில் ரெபெக்காளை மணந்த ஈசாக்கு, இரட்டைப் பிள்ளைகளைக் கண்டது அறுபதாவது வயதில். இடைப்பட்ட 20 ஆண்டுகளை ஆதியாகமம் 25:21 ஒரே வசனத்தில் கடந்துவிடுவதால், 'ஜெபித்தார், கிடைத்தது' என்று பிரசங்கங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வசனத்தில் மனைவிக்காக வேண்டிக்கொள்பவர் கணவர் என்பதை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உபவாசமும் கண்ணீரும் பெண்ணின் பொறுப்பாகவே விடப்படுகின்றன. உங்களால் முடியாத நாட்களில் உங்களுக்காகவும் சேர்த்து உங்கள் கணவர் ஜெபிக்கட்டும். அப்படியும் உங்கள் வீட்டு ஜெபம் தொடரும்.

வார்த்தை வராததற்காகக் கலங்க வேண்டாம். பிள்ளைக்காக ஆலயத்தில் ஜெபித்த அன்னாளின் உதடுகள் மட்டுமே அசைந்தன. ஆசாரியனான ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று தவறாக எண்ணினார். அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகத்தில் துக்கமில்லை என்று 1 சாமுவேல் கூறுவது, அவள் கர்ப்பந்தரிப்பதற்கு முன்பே. 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் 13-ஆம் சங்கீதத்தை அப்படியே உங்கள் ஜெபமாக வாசிக்கலாம். அதில் முறையிடுவது பாவமாக எண்ணப்படவில்லை.

இடைவிடாமல் ஜெபித்தால் பிள்ளை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டும், தம் மாம்சத்திலுள்ள 'முள்' என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை; 'என் கிருபை உனக்குப் போதும்' என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

மருத்துவரிடம் தாராளமாகப் போங்கள். எலிசபெத்தின் கதையை எழுதிய லூக்காவையே பவுல் 'பிரியமான வைத்தியன்' என்கிறார். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. காரணம் ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். உங்கள் கணவர் இதுவரை பரிசோதித்துக்கொள்ளவில்லையென்றால், முதலில் அதற்கு நாள் குறியுங்கள்.