சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கட்டண சிமுலேஷன் மென்பொருளின் மாணவர் பதிப்பை வாங்கிவிடு என்கிறார்கள் சீனியர்கள். ஒருவர் கிராக் செய்த காப்பியே தருகிறேன் என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கிராக் காப்பி பக்கம் போகவே வேண்டாம். அது திருட்டு என்பது ஒருபுறம். அதோடு என்ன வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர், ரெக்டிஃபயர் என்று உங்கள் பாடத்தில் வருபவற்றுக்கு எல்டிஸ்பைஸ் (LTspice) என்ற சிமுலேஷன் மென்பொருள் தாராளமாகப் போதும். அனலாக் டிவைசஸ் நிறுவனம் அதை இலவசமாகத் தருகிறது. இத்தனை நோடுக்கு (பாகங்கள் இணையும் புள்ளி) மேல் கூடாது என்ற கட்டுப்பாடும் இல்லை. 1970களில் பெர்க்லியில் உருவான ஸ்பைஸ் (SPICE) என்ற சிமுலேஷன் புரோகிராமின் வழிவந்ததுதான் அது. கட்டண மென்பொருள்கள் பலவும் அதே வழிதான்.

மைக்ரோகன்ட்ரோலரில் புரோகிராமை ஓட்டி, கூடவே சர்க்யூட்டையும் பார்க்க வேண்டுமென்றால் கதை வேறு. ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்றால் டிங்கர்கேட் என்ற சிமுலேட்டர் இலவசம். அதையும் தாண்டினால் புரோட்டியஸ் போன்ற கட்டண மென்பொருள்களை யோசிக்கலாம். அப்போதும் கல்லூரி லேபில் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மாணவர் பதிப்புதான் என்றால், எத்தனை மாதம் ஓடும், ஃபைலைச் சேமிக்க விடுமா, காலாவதியான பிறகு பழைய ஃபைல்கள் திறக்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்பைஸில் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டருக்கு 'எம்' (M) என்று ஒற்றை எழுத்தைப் போட்டால், அது மில்லி ஓம் என்று எடுத்துக்கொள்ளும். 'மெக்' (Meg) என்று போட வேண்டும். இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க நல்ல சர்க்யூட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், 12 வோல்ட்டுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரைப் போட்டுப் பாருங்கள். 120 மில்லி ஆம்பியர் என்று திரையில் அமைதியாகக் காட்டும். பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் அதே இடத்தில் கால் வாட் மட்டுமே தாங்கும் ரெசிஸ்டரைச் செருகினால் புகை வரும். அதன் தலையில் விழுவது 1.44 வாட். எல்டிஸ்பைஸில் எதுவும் கருகாது. அதனால் மின்னோட்டத்தோடு பவரையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மென்பொருளுக்கென்று எடுத்துவைத்த பணத்தில் நல்ல மல்டிமீட்டர் ஒன்றும் பிரெட்போர்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சிமுலேஷனில் வந்த வோல்ட்டேஜையும் மீட்டர் காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.